ஹீமோ என்று தொடங்கும் ரிப்போர்ட் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 18 வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். காலையில் ரத்தம் எடுப்பது, சாயங்காலம் ரிப்போர்ட் கொடுப்பது. அந்தச் சாயங்கால நேரத்தில்தான் கேள்விகள் வரும். தேவனாம்பட்டினத்துப் பெண்கள் கேட்பார்கள், பண்ருட்டிப் பக்கத்து விவசாயிகள் கேட்பார்கள், புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் தடித்த ஃபைலோடு திரும்புகிறவர்களும் கேட்பார்கள். அதில் பாதிக்கு மேல் "ஹீமோ" என்று தொடங்கும் ஏதாவது ஒரு சொல்லைப் பற்றித்தான் இருக்கும். ஒரே பதிலைப் பலரிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை. சொல்லுக்கு என்ன பொருள், அந்தச் சோதனையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வேன். மருந்தும் சிகிச்சையும் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியவை.

ஏங்க்கா, எல்லாமே ஹீமோ ஹீமோன்னே ஆரம்பிக்குதே, அப்படின்னா என்ன?

ரத்தம். கிரேக்க மொழியில் ரத்தத்துக்கு "ஹைமா" என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் ஹீமோ. சில சொற்களில் அதுவே ஹீமட்டோ என்று நீளும், இல்லையென்றால் ஹெம் என்று குறுகும். தமிழில் குருதிக்கொடை, குருதிப்போக்கு, குருதியழுத்தம் என்று குருதியை முன்னால் வைத்துச் சொற்களை அடுக்குகிறோம் இல்லையா, அதே வேலைதான்.

அதனால் ரிப்போர்ட்டில் ஹீமோ என்று பார்த்ததும் பயப்பட எதுவுமில்லை. ரத்தத்தைப் பற்றிய பேச்சு என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை. என்ன சேதி என்பது சொல்லின் பின்பாதியில் இருக்கிறது. கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்தப் பின்பாதியைப் பிரித்துப் பார்ப்பதுதான்.

ரெண்டு லேப் ரிப்போர்ட்ல இங்கிலீஷ் ஸ்பெல்லிங் வேற வேற மாதிரி இருக்கு. வேற டெஸ்ட்டா?

ஒரே டெஸ்ட்தான். பிரிட்டன்காரர்கள் எழுதும் முறையில் "எச்"சுக்கு அடுத்து ஓர் "ஏ" கூடுதலாக வரும். அமெரிக்க முறையில் அது இருக்காது. நம் ஊரில் இரண்டும் புழங்குகின்றன.

எனக்கு ரத்தம் ஒன்பது பாயிண்ட்தான் இருக்காம். மீதி ரத்தம் எங்க போச்சு?

ரத்தம் எங்கேயும் போகவில்லை. வளர்ந்த ஒருவர் உடம்பில் 4 முதல் 5 லிட்டர் ரத்தம் ஓடும், உங்களுக்கும் அதேதான். நாம் "பாயிண்ட்" என்று சொல்வது ஹீமோகுளோபினின் அளவு. 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது என்ற கணக்கு அது. ஆண்களுக்கு 13-க்குக் கீழே, பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு இந்த எல்லை 11. நடு மூன்று மாதங்களில் மட்டும் இன்னும் சற்றுக் குறைவு.

குளோபின் என்றால் உருண்டையான புரதம். 1864-இல் ஃபெலிக்ஸ் ஹோப்பே-சைலர் என்ற ஜெர்மானியர்தான் ஹீமோகுளோபின் என்ற பெயரை வைத்தார். ஒரு ஹீமோகுளோபினுக்குள் "ஹீம்" என்ற சிறு வளையம் நான்கு இருக்கும். ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் ஓர் இரும்பு அணு. நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வதும் உடம்புக்குள் போய் இறக்கிவிடுவதும் அந்த இரும்புதான். இந்த ஹீம் என்ற சொல்லை நினைவில் வையுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

பீட்ரூட் ஜூஸ் குடிச்சா பாயிண்ட் ஏறும்தானே? ரத்தம் மாதிரியே இருக்கே.

நிறம் ஒத்துப்போவதால் வந்த நம்பிக்கை. பீட்ரூட்டின் சிவப்பு ஒரு தாவரச் சாயம். அதற்கும் இரும்புக்கும் தொடர்பில்லை, இரும்பும் அதில் அதிகமில்லை. மீன், இறைச்சி, ஈரல் இவற்றில் இரும்பு ஹீம் வளையத்தோடு கிடைப்பதால் குடல் எளிதாக உறிஞ்சிக்கொள்ளும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு அவ்வளவு சுலபமாக உள்ளே போகாது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாகப் போகும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் தடைபடும். இரும்பு மாத்திரைக்கும் இதே விதிதான். பாயிண்ட் ஏறவில்லை என்று வருகிறவர்களிடம் மாத்திரையை எதோடு போடுகிறீர்கள் என்று கேட்டால், பல பேர் டீயோடு என்கிறார்கள்.

டெங்குன்னு அட்மிட் பண்ணியிருக்கோம். ஹீமட்டோகிரிட் 38-லேர்ந்து 46 ஆயிடுச்சு. ரத்தம் ஏறுது, நல்லதுதானே?

இல்லை. இதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் சொல்கிறேன், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா தெளிந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே நூல் பருமனில் ஒரு வெள்ளைக் கோடு, அது வெள்ளணுக்களும் பிளேட்லெட்டும். மொத்த உயரத்தில் சிவப்பு எத்தனை சதவீதம் என்பதுதான் ஹீமட்டோகிரிட். சில ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்று இருக்கும். சாதாரணமாக அது ஹீமோகுளோபின் எண்ணைப்போல் மூன்று மடங்கு இருக்கும்.

டெங்குவில் அந்தச் சதவீதம் ஏறுவது சிவப்பணு கூடியதால் அல்ல. ரத்தக்குழாய்ச் சுவர் கசிந்து பிளாஸ்மா வெளியே போகிறது, மிஞ்சிய ரத்தம் கெட்டியாகிறது. குழம்பு கொதித்து வற்றினால் உப்பு கூடின மாதிரி தெரியுமே, அப்படி. முன்பிருந்ததைவிட 20 சதவீதம் ஏறினால் கசிவு கணிசமாக நடக்கிறது என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். 38-லிருந்து 46 அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. வார்டில் எல்லோரும் பிளேட்லெட்டை மட்டும் கேட்கிறார்கள். ஹீமட்டோகிரிட்டையும் கேளுங்கள். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் கசிவு உச்சத்துக்குப் போகும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், பிள்ளை துவண்டுபோவது, இதில் எது வந்தாலும் "காய்ச்சல் விட்டுடுச்சே" என்று இருந்துவிட வேண்டாம்.

"டெங்கு ஹெமரேஜிக் ஃபீவர்" என்ற பெயரால் பலரும் ரத்தம் கொட்டினால்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். ரத்த அழுத்தம் இறங்கிப்போகும் அதிர்ச்சி நிலைக்குப் பலரைத் தள்ளுவது இந்தப் பிளாஸ்மா கசிவுதான். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் டெங்கு, எச்சரிக்கை அறிகுறிகளோடு கூடிய டெங்கு, கடுமையான டெங்கு என்று வகைப்படுத்தலையே மாற்றியது.

ரிப்போர்ட் அடியில "சாம்பிள் ஹீமோலைஸ்டு"ன்னு போட்டிருக்கு. அப்பாவுக்கு டயாலிசிஸ் பண்ணணுமா?

குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒருவர் இப்படித்தான் கேட்டார். வேறோர் இடத்தில் எடுத்த ரிப்போர்ட் அது. பொட்டாசியம் 6.8 என்று இருந்தது, 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது. அடியில் சின்ன எழுத்தில் இந்த வரி. யாரும் விளக்கவில்லை. ஹீமோலைசிஸ், டயாலிசிஸ் இரண்டும் காதில் ஒரே மாதிரி விழுந்ததால், சிறுநீரகம் போய்விட்டது என்று முடிவு செய்து, இரவெல்லாம் குடும்பமே தூங்கவில்லை.

லைசிஸ் என்றால் கட்டு அவிழ்வது, பிரிவது. ஹீமோலைசிஸ் என்றால் சிவப்பணு உடைந்து பிரிந்துவிட்டது. இங்கே அது உடைந்தது அவர் அப்பாவின் உடம்பில் அல்ல, டியூபுக்குள். மெல்லிய ஊசியில் சிரிஞ்சைப் பலமாக இழுத்தாலோ, டியூபைக் குலுக்கினாலோ, ஈரமான சிரிஞ்சில் எடுத்தாலோ அணுக்கள் உடையும். சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே பிளாஸ்மாவில் இருப்பதைவிட 20 மடங்குக்கும் மேல். கொஞ்சம் உடைந்தாலே போதும், எண் எகிறிவிடும். சுழற்றி எடுத்த சீரத்தைப் பார்த்தாலே தெரியும்: இளமஞ்சளாக இருக்க வேண்டியது ரோஸ்மில்க்கில் தண்ணீர் கலந்தது போல இருக்கும். அவர் அப்பாவை மறுநாள் வரச்சொல்லி, பெரிய நாளமாகப் பார்த்து மெதுவாக எடுத்தேன். 4.3.

டயாலிசிஸ் என்பது ஊடே பிரித்தெடுப்பது. ரத்தத்தை மெஷின் வழியாக ஓடவிட்டுக் கழிவைப் பிரித்தால் ஹீமோடயாலிசிஸ். வயிற்றுக்குள் திரவம் விட்டுச் செய்யும் வகைக்கு ரத்தம் வெளியே வராது, அதனால் அதன் பெயரில் ஹீமோ இல்லை. இரண்டு சொல்லிலும் "லைசிஸ்" இருப்பது தவிர வேறு உறவு கிடையாது.

உடம்புக்குள்ளேயே சிவப்பணு உடைவதும் உண்டு. மலேரியாவில், சில பரம்பரைக் குறைகளில், தாய்க்கும் சிசுவுக்கும் ரத்தப் பிரிவு ஒத்துப்போகாதபோது. அப்போது கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுத்துப் போகும். அது ரிப்போர்ட் அடியில் குறிப்பாக வராது, நோயின் பெயராகவே வரும். "சாம்பிள்" என்ற சொல் முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திரும்ப ஒரு தடவை எடுத்துப் பார்த்த பிறகு கவலைப்படலாம்.

மாமாவுக்கு மூளையில ஹெமரேஜ்னாங்க, அத்தைக்கு ஹெமராய்ட்ஸ்னாங்க. ரெண்டும் ஒரே வியாதியா?

இல்லவே இல்லை. ஹெமரேஜில் பின்பாதி வெடிப்பது என்று பொருள் தரும் கிரேக்கச் சொல். ரத்தக்குழாய் வெடித்து ரத்தம் வெளியேறுவது, ரத்தப்பெருக்கு. ஹெமராய்டில் பின்பாதி ஒழுகுவது. அது மூலம். டயரியா என்ற பேதிக்கான சொல்லிலும் அதே ஒழுகுவதுதான் இருக்கிறது. மூளையில் ஹெமரேஜ் என்றால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். மூலத்துக்கு நாளைக்கு டாக்டரைப் பார்த்தாலும் போதும். ஆனால் மலத்தில் ரத்தம் வந்தால் மூலம்தான் என்று நாமே முடிவுகட்டி வருடக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. குடல் புற்றுநோயும் அப்படித்தான் காட்டும்.

பேரனோட தடுப்பூசி அட்டையில ஹீமோபிலஸ்னு இருக்கு. நம்ம வீட்ல யாருக்கும் ஹீமோபிலியா கிடையாதே, எதுக்கு ஊசி?

பெயர் இரண்டும் ஒரே கிரேக்கத் துண்டுகளால் ஆனவை: ரத்தம், விருப்பம். பொருள் மட்டும் வெகு தூரம். ஹீமோபிலஸ் ஒரு பாக்டீரியா. ஆய்வகத்தில் வளர்க்க வேண்டுமானால் ரத்தத்தில் உள்ள சத்துகளைக் கொடுத்தால்தான் வளரும், அதனால் ரத்தப்பிரியன் என்று பெயர். சின்னக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் கொண்டுவரும் கிருமி அது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் அதற்கான பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் அரசுத் திட்டத்தில் இந்த ஊசியை 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். கட்டாயம் போடுங்கள்.

ஹீமோபிலியா பரம்பரையாக வரும் ரத்தம் உறையாமை நோய். அந்தப் பெயர் 1828-இல் ஜெர்மனியில் ஏற்பட்டது. அங்கே "பிலியா" என்பது விருப்பமல்ல, அந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கும் இயல்பு: ரத்தம் கசியும் இயல்பு. உறைவதற்கான எட்டாவது அல்லது ஒன்பதாவது காரணி குறைவாக இருக்கும். தாய் வழியாக வந்து பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைப் பாதிக்கும். பிள்ளை தவழ ஆரம்பித்ததும் முட்டி காரணமில்லாமல் வீங்கினால், சுன்னத்துக்கோ பல் பிடுங்கியதற்கோ பிறகு ரத்தம் நிற்காமல் போனால், சோதித்துப் பார்க்க வேண்டும். இந்தக் குறை இருக்கிறவர்களுக்குச் சதையில் ஊசி போடுமுன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். எங்களிடம் ரத்தம் கொடுக்கும்போதும் சொல்லுங்கள், ஊசி எடுத்த இடத்தை வெகுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஸ்கேன்ல ஹீமட்டோமான்னு வந்திருக்கு. "ஓமா"ன்னு முடிஞ்சா கேன்சர்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க.

ஓமா என்றால் வீக்கம், திரட்சி. புற்றுநோய்ப் பெயர்கள் பலவற்றிலும் அது வருவதால் இந்தப் பயம். ஹீமட்டோமா என்பது ரத்தக்கட்டு, நம் வீட்டில் அடிபட்டுக் கன்றிப்போனது என்று சொல்வதன் பெரிய வடிவம். ஒரு கன்றலை நாள்தோறும் பாருங்கள். முதலில் செவந்து நீலம் பாயும், பிறகு ஓரத்தில் பச்சை, பிறகு மஞ்சள். வெளியே கசிந்த ஹீம் படிப்படியாக உடைபடும்போது வரும் நிறங்கள் அவை. அந்த மஞ்சள் பொருளின் பெயர் பிலிருபின். காமாலையில் கண்ணில் தெரிவதும் இதே பொருள்தான்.

தலையில் ஏற்படும் ரத்தக்கட்டு மட்டும் வேறு கதை. வயதானவர்கள் வழுக்கி விழுந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடத் தலைவலி, தடுமாற்றம், குழப்பம் என்று வரலாம். விழுந்ததை மறந்திருப்பார்கள். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இருமும்போது வந்த ரத்தமா, வாந்தியில வந்த ரத்தமான்னு டாக்டர் திரும்பத் திரும்பக் கேக்கறார். எப்படி வந்தா என்ன?

இரண்டும் வெவ்வேறு இடத்துக் கோளாறு. ஹீமாப்டிசிஸ் என்றால் துப்புவது, நுரையீரல் வழி. பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பாக, நுரையோடு இருக்கும். ஹீமட்டெமிசிஸ் என்றால் வாந்தி, வயிற்று வழி. அமிலத்தில் கிடந்ததால் காபித்தூள் கரைசல் போலக் கறுத்திருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க அரசு மருத்துவமனையில் காசு கேட்க மாட்டார்கள்.

சிறுநீர்ல "பிளட் பாசிட்டிவ்"னு ஸ்ட்ரிப் காட்டுது, மைக்ராஸ்கோப்ல ஒரு சிவப்பணுகூட இல்லைன்னும் எழுதியிருக்கு. எது பொய்?

இரண்டும் உண்மை. ஸ்ட்ரிப் சிவப்பணுவை எண்ணுவதில்லை, ஹீம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். முழு அணு வந்தால் ஹெமச்சூரியா: கல், தொற்று, சிறுநீரகப் பிரச்சினை. அணு வேறெங்கோ உடைந்து உள்ளிருந்த ஹீமோகுளோபின் மட்டும் வந்தால் ஹீமோகுளோபினூரியா. மேலே சொன்ன ஹீமோலைசிஸ் உடம்புக்குள் நடக்கும்போது இப்படி ஆகும். தசை நசுங்கியிருந்தாலும் தசையில் உள்ள மையோகுளோபின் வந்து ஸ்ட்ரிப்பை ஏமாற்றும், ஏனென்றால் அதிலும் ஹீம் இருக்கிறது. அதனால்தான் ஸ்ட்ரிப்போடு விடாமல் மைக்ராஸ்கோப்பிலும் பார்க்கிறோம்.

சுகர் டெஸ்ட்டுக்கு எதுக்கு ஹீமோகுளோபினைப் பாக்கறீங்க? எச்பிஏ1சி-ன்னு போட்டு மூணு மாச சுகர்ன்றீங்க.

ரத்தத்தில் ஓடும் சர்க்கரை ஹீமோகுளோபின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது சிவப்பணு சாகும்வரை போகாது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாத சராசரி கிடைக்கும். 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். டெஸ்ட்டுக்கு முந்தைய இரண்டு நாள் இனிப்பை நிறுத்துவது இதில் பலிக்காது.

ஒரு சிக்கல் உண்டு. சிவப்பணு சீக்கிரம் உடைகிறவர்களுக்கும், சமீபத்தில் ரத்தம் ஏற்றியவர்களுக்கும் இந்த எண் உண்மையைவிடக் குறைவாக வரலாம். இரும்புச்சத்துக் குறைவில் கூடுதலாக வரலாம். ஒன்பது பாயிண்ட் இருக்கிறவர் எச்பிஏ1சி-யை மட்டும் நம்பாமல், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

அனீமியா, லுக்கீமியா, தலசீமியா... இதுலல்லாம் ஹீமோ இல்லையே, ஆனா ரத்த வியாதின்றாங்களே?

இருக்கிறது, கடைசியில் போய் உட்கார்ந்திருக்கிறது. சொல்லின் நடுவில் வரும்போது ஹைமாவின் "ஹ" மறைந்து "ஈமியா" ஆகிவிடும். அனீமியா: ரத்தமின்மை. லுக்கீமியா: வெள்ளை ரத்தம், வெள்ளணு பெருகிப்போனதால் வந்த பெயர். தாழ்சர்க்கரைக்கான ஹைப்போகிளைசீமியாவிலும் அதே "ஈமியா"தான்.

தலசீமியாவில் "தலசா" என்றால் கடல். கடல் ரத்தம்! ஓல்டு டவுனிலிருந்து வந்த ஓர் அம்மா, கடலோரத்தில் இருப்பதால் வருகிறதா என்று கேட்டார். இல்லை. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்தவர்களிடம் முதலில் கவனித்ததால் 1932-இல் அந்தப் பெயர் வைத்தார்கள். இது பரம்பரை. இரும்பு மாத்திரை மாதக்கணக்கில் போட்டும் பாயிண்ட் நகரவில்லை, சிவப்பணுவின் அளவும் ரொம்பச் சிறியதாக இருக்கிறது என்றால் இதையும் பார்க்கச் சொல்வார்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்கிற குடும்பங்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

ஹெமிபிளீஜியா? அதுவும் ரத்தம்தானா?

இதில் பலர் ஏமாறுவார்கள். இது ஹெமி, ஹீமோ அல்ல. ஹெமி என்றால் பாதி. ஹெமிபிளீஜியா உடம்பின் ஒரு பாதி செயலிழப்பது, பக்கவாதத்தில் வருவது. மைக்ரேன் என்ற சொல்கூட "ஹெமிகிரேனியா", அதாவது பாதி மண்டை, தேய்ந்து வந்ததுதான். தமிழில் அதை ஒற்றைத் தலைவலி என்கிறோம். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே வலியை ஒரே மாதிரி பார்த்துப் பேர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

நண்டு ரத்தத்துல இருக்கறது ஹீமோசயனின்னு புக்ல படிச்சேன். அப்ப அதுலயும் ஹீம் இருக்கணும்ல?

பிளஸ் டூ படிக்கும் மாணவி கேட்டது, வந்ததிலேயே நுட்பமான கேள்வி. ஹீமோசயனினில் ஹீம் கிடையாது, இரும்பும் கிடையாது. இரண்டு செம்பு அணுக்கள் சேர்ந்து ஒரு ஆக்சிஜனைப் பிடிக்கும். பிடித்தால் நீலம், விட்டால் நிறமில்லை. 1878-இல் லெயோன் ஃப்ரெடெரிக் ஆக்டோபஸை ஆராய்ந்து இந்தப் பெயரை வைத்தபோது, "ரத்தத்தில் உள்ள நீலப்பொருள்" என்ற பொருளில்தான் வைத்தார். துறைமுகத்தில் வாங்கிய உயிர் நண்டை வீட்டில் உடைக்கும்போது கையில் வழிவது தண்ணீர் போலத் தெரியும். வெள்ளைத் தட்டில் சிறிது நேரம் விட்டுப் பாருங்கள், மெல்லிய நீலம் ஏறும். நண்டுக்கு ரத்தமில்லை என்று சொல்வது அந்த நிறத்தைக் கவனிக்காததால்.

ஆக, டாக்டர் வாயில் ஹீமோ என்றால் ரத்தம். உயிர்வேதியியலில் ஹீம் என்றால் இரும்பு நடுவில் உள்ள அந்த வளையம். முதலில் ரத்தத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டாலும், பிறகு ரத்தமே இல்லாத இடங்களிலும் அந்த வளையம் அகப்பட்டது.

ரத்தமே இல்லாத இடத்துல ஹீமா? எங்க?

உங்கள் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலை வயலில். இந்தக் கேள்வியைக் கேட்டவர் விருத்தாசலம் பக்கத்து விவசாயி. அடுத்த முறை வரும்போது ஒரு செடியை வேரோடு பிடுங்கிக் கொண்டுவரச் சொன்னேன், கொண்டுவந்தார். வேரில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக முடிச்சுகள் ஒட்டியிருந்தன. ஒன்றை எடுத்துப் புது பிளேடால் இரண்டாகக் கீறி வெள்ளைக் காகிதத்தில் வைத்தேன். உள்ளே இளஞ்சிவப்பு, அழுத்தினால் காகிதத்தில் ரோஜா நிறத்தில் ஈரம் படிந்தது. லெக்ஹீமோகுளோபின், பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சில் இருக்கும் ஹீம் உள்ள புரதம். அவர் போன மாதம் ஹீமோகுளோபின் பார்க்க நான் குத்திய தன் விரலையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். லெக்ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொண்டு சிறுகச் சிறுக அளந்து கொடுக்கிறது. முடிச்சைக் கீறினால் சிவந்திருந்தால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஓய்ந்துவிட்டது.